பழைய கார் சக்கரங்களின் ஹப் கேப்: நெளியாமல் கழற்றவும் கழன்று போகாமல் மாட்டவும் முழு வழிகாட்டி

பழைய கார் ஒன்றின் ஹப் கேப்பை (சக்கரத்தின் நடுவை மூடும் உலோக மூடியை) வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விளிம்பை ஒட்டி வரிசையாகத் தெரியும் கீறல்களும் நெளிவும் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து ஒரே இடத்தில் நெம்பியதன் தடங்கள். நடுவில் பள்ளம் இருந்தால், திரும்ப மாட்டும்போது யாரோ அங்கே குத்தியிருக்கிறார்கள். பஞ்சர், பிரேக் வேலை, பேரிங்குக்கு கிரீஸ் வைப்பது என்று சக்கரத்தில் எந்த வேலைக்கும் முதலில் கழற்றப்படுவது இந்தக் கேப்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நெளியும், கொஞ்சம் பிடி தளரும். கடைசியில் ஓடுகிற ஓட்டத்தில் கழன்று உருண்டுவிடும். நான்கில் ஒன்று தொலைந்தால் அதே மாடலில் இன்னொன்று தேடிக் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை.

கேப்பை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் லிவரை (நெம்புகோலை) நுழைக்கக் கூடாது. இந்த வேலையில் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பிடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கழற்றும் விசையும் மாட்டும் விசையும் விழ வேண்டும். வேறு எங்கே விழுந்தாலும் தகடு நெளியும்.

கேப்பை எது பிடித்திருக்கிறது?

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் கேப் மாட்டியிருக்காது. சக்கரத்தில் இருப்பது புடைப்பா கிளிப்பா, எத்தனை, எந்த இடைவெளியில் என்பது அப்படியே தெரியும். ஸ்டெப்னி வேறு காரிலிருந்து வந்ததாக இருந்தால் இந்த வழி உதவாது. அப்போது கேப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் டார்ச் அடித்து ஒரு சுற்று பாருங்கள்.

மிகப் பழைய முறை மரைக் கேப். ஃபோர்டு மாடல் டி (1908–1927) காலத்துக் கார்களில் கேப் என்பது ஹப்பின் (சக்கரத்தின் நடுக் குடத்தின்) முனையில் மரை போட்டு இறுக்கிய மூடி. வெளியே ஆறு அல்லது எட்டுப் பட்டை இருக்கும். பேரிங்கின் கிரீஸை உள்ளே காப்பதும் தூசியைத் தடுப்பதும் அதன் வேலை. இதை நெம்பினால் ஒருபோதும் வராது.

அழுத்திய எஃகுச் சக்கரங்கள் வந்தபின் இரண்டு முறைகள் பரவின. ஒன்றில் சக்கரத் தகட்டிலேயே மூன்று அல்லது நான்கு புடைப்புகள் அழுத்தி எடுக்கப்பட்டிருக்கும். கேப்பின் உள்மடிப்பு அவற்றைத் தாண்டிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். இறுக்கமான டப்பா மூடி போலத்தான். மூடியின் விளிம்பு கொஞ்சம் விரிந்து கொடுத்து, தாண்டியதும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. இன்னொன்றில் சக்கரத்தில் ஸ்பிரிங் கிளிப்புகள் ரிவிட் அடித்திருக்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இந்த வகை. இதில் வளைந்து கொடுப்பது கிளிப். அதனால் கேப்புக்கு வேலை குறைவு.

1950, 60களின் அமெரிக்கக் கார்களில் சக்கரம் முழுவதையும் மூடும் வீல் கவர் வந்தது. இதில் பிடிப்பு கவரிலேயே இருக்கிறது. பின்பக்கம் சுற்றிலும் கூரான எஃகுப் பற்கள். அவை ரிம்மின் உள்சுவரைக் கவ்வும். டியூப் வால்வுக்கு ஒரு துளை இருக்கும். சில கார்களில் கேப்பின் நடுவில் ஒரு திருகோ போல்ட்டோ இருக்கும். சின்னம் பொறித்த சிறு மூடி அதை மறைத்திருக்கலாம். நெம்பும் முன் அதையும் தேடிப் பாருங்கள்.

கம்பி ஆரச் சக்கரத்தின் நடுவில் இரண்டு அல்லது மூன்று இறக்கையோடு இருக்கும் ஸ்பின்னர் பார்வைக்கு ஹப் கேப் போலத் தோன்றும். உண்மையில் சக்கரத்தைக் காரோடு பிடித்திருக்கும் ஒரே நட் அதுதான். அதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறோம். சில முழு வீல் கவர்களில் அழகுக்காக ஒட்டிய போலி ஸ்பின்னரும் உண்டு. அதைப் பிடித்து இழுத்தாலோ சுத்தியலால் தட்டினாலோ ரிவிட் பிய்ந்து வரும்.

எந்த உலோகம் என்பதையும் பார்த்துவிடுங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் பித்தளை, அலுமினியம், அல்லது காந்தம் பிடிக்காத வகை எவர்சில்வர். ஒட்டினால் குரோம் முலாம் பூசிய எஃகு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். காந்தம் பிடிக்கும் எவர்சில்வரும் கார் அலங்காரத் தகடுகளில் உண்டு. பின்பக்கம் துருப்பிடித்திருந்தால் அது எஃகு. அலுமினியமும் பித்தளையும் மெத்தென்ற உலோகங்கள். எஃகுக் கேப் தாங்குகிற நெம்பலை அவை தாங்காது.

கருவிகள்

25 முதல் 30 மி.மீ. அகலத் தட்டை முனை கொண்ட, ஏறக்குறைய 30 செ.மீ. நீள லிவர் ஒன்று வேண்டும். முனையின் இரண்டு மூலைகளையும் அரத்தால் தேய்த்து உருட்டிவிட்டு, உப்புத்தாளால் பிசிறு எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் ஏன் ஆகாது என்றால், அதன் 8 மி.மீ. முனை முழு விசையையும் ஒரே புள்ளியில் கொட்டுகிறது. அந்தப் புள்ளிதான் நெளிகிறது.

அதோடு 50 மி.மீ. அகலமுள்ள மெல்லிய பட்டி பிளேடு. லிவருக்கும் சக்கரத்தின் பெயிண்டுக்கும் நடுவில் இதை வைத்தால் பெயிண்ட் பெயராது. அரை கிலோ அளவில் ரப்பர் சுத்தியல், மாஸ்கிங் டேப், பருத்தித் துணி, மூக்குக் குறடு, டார்ச், வெர்னியர் காலிப்பர், துரு இளக்கும் எண்ணெய், கெட்டியான கையுறை. கையுறையைத் தவிர்க்காதீர்கள். முழு வீல் கவரின் பற்கள் ரிம்மைக் கவ்வுவதற்காகவே கூராக்கப்பட்டவை. கவர் சட்டென்று விடுபட்டால் உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

கழற்றும் முன்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கி வேண்டாம். கேப்பைக் கழற்றச் சக்கரம் தரையில் இருப்பதே நல்லது. தூக்கி நிறுத்திய காரில் நெம்புவதும் தட்டுவதும் காரை ஆட்டும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் பிரேக் டிரம் சூடாக இருக்கும், ஆற விடுங்கள்.

கேப்பின் விளிம்பைச் சுற்றி நைலான் பிரஷும் தண்ணீரும் கொண்டு மண்ணை எடுத்துவிடுங்கள். லிவருக்கு அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் குரோமில் கோடு விழும். துரு தெரிந்தால் புடைப்பு இருக்கும் இடங்களில் மட்டும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு 15 நிமிடம் காத்திருங்கள். டயரிலும் பிரேக்கிலும் எண்ணெய் வழியக் கூடாது.

பிறகு அடையாளம். வால்வுக்கு நேராகக் கேப்பின் மேல் ஒரு டேப் துண்டு ஒட்டி, அதில் முன் இடது, பின் வலது என்று சக்கரத்தின் இடத்தை எழுதுங்கள். பல ஆண்டுகள் ஒரே சக்கரத்தில் இருந்த கேப் அந்தச் சக்கரத்தின் அளவுக்குப் படிந்திருக்கும். இடம் மாற்றி மாட்டினால் ஒன்று தளரும், இன்னொன்று ஏறாது.

புடைப்பு அல்லது கிளிப் வகையைக் கழற்றுவது

1. டார்ச் அடித்து ஒரு புடைப்பைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளி லிவரை வைக்க வேண்டும். புடைப்பின் மேலேயே வைத்தால் லிவர் உள்ளே போகாது. இரண்டு புடைப்புக்கும் சரி நடுவில் வைத்தால் மடிப்பு மட்டும் வளையும், கேப் விடுபடாது. சில கேப்புகளில் லிவர் நுழைய விளிம்பில் ஒரு சிறு வெட்டோ தூக்கிய மடிப்போ இருக்கும். இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

2. முதலில் பட்டி பிளேடைச் சக்கரத்தோடு ஒட்டி நுழையுங்கள். அதன்மேல் லிவரை 8 முதல் 10 மி.மீ. ஆழம் மட்டும் செலுத்துங்கள். அதற்கு மேல் போனால் கேப்பின் வளைந்த முகப்பை உள்ளிருந்து குத்தும். வெளியே ஒரு புள்ளி எழும்பும். குரோமில் அதை மறைக்க வழியில்லை.

3. லிவரை அதன் அச்சிலேயே கொஞ்சம் திருகுங்கள். திருகினாலே 3, 4 மி.மீ. தூக்கும், பல கேப்புகளுக்கு அது போதும். வரவில்லை என்றால் மெல்ல நெம்புங்கள். இன்னொரு கை எப்போதும் கேப்பின் மேல் இருக்கட்டும்.

4. "டக்" என்று ஒரு புடைப்பை விட்டதும் அங்கேயே மேலும் தூக்க ஆசைப்படாதீர்கள். மற்ற புடைப்புகள் இன்னும் பிடித்திருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கேப் முட்டை வடிவமாகிவிடும். லிவரை அடுத்த புடைப்புக்கு நகர்த்துங்கள்.

5. இரண்டாவது விட்டதும் கேப் கையோடு வந்துவிடும். துணியில் வாங்கிக்கொள்ளுங்கள். முகம் கீழாகத் தரையில் வைக்காதீர்கள்.

பீட்டில் போன்ற கார்களின் டூல் கிட்டில் ஒரு கொக்கிக் கம்பி வரும். கேப்பில் துளை இருந்தால் கொக்கியை அதில் மாட்டி, கம்பியின் வளையத்துக்குள் சக்கர ஸ்பேனரின் தண்டை நுழைத்து, தண்டின் நுனியை ரிம்மில் ஊன்றி இழுக்க வேண்டும். விசை நேராக வெளிப்பக்கமே போவதால் விளிம்பு நெளிவதில்லை. இந்தக் கம்பி கிடைத்தால் லிவரைத் தொடவே வேண்டாம். தண்டு ஊன்றும் இடத்தில் துணி வையுங்கள்.

முழு வீல் கவரைக் கழற்றுவது

இங்கே கவனிக்க வேண்டியது வால்வு. வால்வுக்கு நேராக லிவரை ஒருபோதும் நுழைக்கக் கூடாது. வால்விலிருந்து 8, 10 செ.மீ. தள்ளித் தொடங்குங்கள். அந்தப் பக்கம் முதலில் எழும்பினால் துளை வால்வின் நீளவாக்கிலேயே நழுவி வெளியே வரும், பக்கவாட்டில் வெட்டாது. ஒரு தடவைக்கு 2, 3 மி.மீ. மட்டும் தூக்கி, லிவரை 6, 7 செ.மீ. நகர்த்தி அடுத்த இடத்தில் அதே அளவு தூக்குங்கள். ஒரு சுற்று முடியும்போது கவர் முழுவதும் சமமாக வெளியே வந்திருக்கும். இரண்டாவது சுற்றில் கழன்றுவிடும். அவசரமாக ஒரே இடத்தில் நெம்பினால் அந்த இடத்துப் பற்கள் மடங்கும். அவை கவரோடு சேர்ந்த தகடு. இரண்டு மூன்று தடவை மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடும்.

லிவரை ரிம்மின் உலோக விளிம்பில் ஊன்றுங்கள். டயரின் பக்கச் சுவரில் ஊன்ற வேண்டாம். பேலன்ஸ் வெயிட் (சக்கரம் சமநிலையில் சுற்ற ரிம்மில் மாட்டும் சிறு எடை) இருக்கும் இடத்தையும் விட்டுவிடுங்கள்.

கழற்றிய கையோடு பார்க்க வேண்டியவை

கேப்பின் உள்பக்கம் நிறையச் சொல்லும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கதிர்போலத் தெறித்த கிரீஸ் கோடுகள் இருந்தால் பேரிங்கின் கிரீஸ் மூடி தளர்ந்திருக்கிறது. நட்டைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் அந்த நட் தளர்ந்து உராய்ந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி நட் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். டயரின் உள்பக்கமோ சக்கரத்தின் பின்புறமோ ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிகிறது. இவற்றில் முதல் இரண்டையும் மறைத்துக்கொண்டிருந்தது கேப். அதனால்தான், கேப் இறுக்கமாகவே இருந்தாலும், அவ்வப்போது கழற்றிப் பார்ப்பது நல்லது.

சக்கரத்தையும் கழற்றப் போகிறீர்கள் என்றால் ஸ்டட்டின் (நட் ஏறும் மரைத் தண்டின்) நுனியைப் பாருங்கள். 1960கள் வரை கிறைஸ்லர் தயாரிப்புகளில் காரின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருந்தது. ஸ்டட்டில் "எல்" என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். தெரியாமல் வழக்கமான திசையில் முழு பலத்தையும் போட்டால் ஸ்டட் முறியும்.

பிறகு அளவு. கேப்பின் உள்மடிப்பின் விட்டத்தைக் காலிப்பரால் மூன்று திசைகளில் எடுங்கள். வேறுபாடு 1 மி.மீ.க்கு மேல் போனால் கேப் வட்டமாக இல்லை. சமமான கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் விளிம்பு எங்கே தூக்கியிருக்கிறது என்பதும் தெரியும்.

நிமிர்த்துவதும் சுத்தம் செய்வதும்

மடிப்பு வெளிப்பக்கம் விரிந்திருந்தால் வழவழப்பான தாடையுள்ள குறட்டில் துணி சுற்றி, புடைப்பு வரும் இடத்தில் மட்டும் அரை மில்லிமீட்டர் உள்ளே வளையுங்கள். மாட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் அரை மில்லிமீட்டர். ஒரேயடியாக 2 மி.மீ. வளைத்துவிட்டுப் பிறகு பின்னுக்கு நிமிர்த்துவது உலோகத்தைச் சோர்வடையச் செய்யும். முழு வீல் கவரில் திசை எதிர். பற்களை வெளிப்பக்கமாக விரிக்க வேண்டும். ஒரே பல்லைப் பிடித்துக்கொள்ளாமல், எதிரெதிராக இருக்கும் பற்களை ஒரே அளவில் விரியுங்கள். ஒரு பக்கம் மட்டும் விரித்தால் கவர் மையம் விலகி ஆடும்.

ஒடுக்கு எடுப்பதைப் பொறுத்தவரை, எவர்சில்வர், அலுமினியம், பித்தளைக் கேப்புகளில் மணல் மூட்டையின் மேல் முகம் கீழாக வைத்து, உள்ளிருந்து உருண்டை முனை மரச் சுத்தியலால் ஒடுக்கின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லத் தட்டி எடுக்கலாம். நடுவிலேயே முதல் அடி விழுந்தால் உலோகம் நீண்டு, எதிர்ப்பக்கம் கொப்புளம் வரும். குரோம் முலாம் பூசிய எஃகில் இதைச் செய்யும் முன் யோசியுங்கள். முலாம் கெட்டியானது, வளைந்து கொடுக்காது, வெடிக்கும். ஆழமான ஒடுக்கு என்றால் டிங்கரிங் முடித்து மறுபடி முலாம் பூசுவதே வழி. லேசான ஒடுக்கோடு முலாம் முழுதாக இருக்கும் பழைய கேப்பை அப்படியே விடுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

குரோமுக்கு மிதமான சோப்புத் தண்ணீர் போதும். மேலோட்டமான துருப்புள்ளிகளை மிக நுண்ணிய நான்கு பூஜ்யம் தர எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டு எடுக்கலாம். அதே பஞ்சை அலுமினியத்திலோ நிக்கல் முலாமிலோ தொடாதீர்கள், கீறும். அலுமினியத்துக்குக் காஸ்டிக் சோடா கலந்த எந்தத் திரவமும் ஆகாது, உலோகத்தையே அரிக்கும். நடுவில் எனாமல் சின்னமோ பெயிண்ட் நிரப்பிய எழுத்தோ இருந்தால் பாலிஷ் போடும் முன் டேப்பால் மூடிவிடுங்கள். கடைசியில் உள்பக்கத்தையும் துடைத்து மெழுகு பூசுங்கள். துரு தொடங்குவது அங்கிருந்துதான்.

திரும்ப மாட்டுவது

சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் கேப்பை உடனே போட அவசரப்படாதீர்கள். நட்டுகளை அந்தக் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கி, 50 கி.மீ.யாவது ஓட்டி, மறுபடி ஒரு தடவை சரிபார்த்த பின் கேப்பை மாட்டுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த சக்கரத்தில் இது இன்னும் அவசியம். நட்டுக்கு அடியிலுள்ள பெயிண்ட் நசுங்கும்போது இறுக்கம் குறையும். கேப் போட்டுவிட்டால் அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

புடைப்பு அல்லது கிளிப் வகையில், கேப்பைச் சாய்த்துப் பிடித்து மடிப்பை முதலில் இரண்டு புடைப்புகளின் மேல் கொக்கிபோல மாட்டுங்கள். அந்த இரண்டும் நழுவாமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மூன்றாவது புடைப்புக்கு நேராக விளிம்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரே ஒரு அடி. ஏறவில்லை என்றால் துணியை மடித்து வைத்து ரப்பர் சுத்தியலால் அதே இடத்தில் தட்டுங்கள். நான்கு புடைப்பு என்றால் பக்கத்துப் பக்கத்து இரண்டை மாட்டிவிட்டு மற்ற இரண்டையும் மாறி மாறித் தட்டி ஏற்ற வேண்டும். எந்த வகையானாலும் நடுக் குமிழில் அடிக்கவே கூடாது. அடியின் விசை விளிம்புக்குப் போய்ச் சேரும் முன் குமிழ் உள்ளே போய்விடும்.

முழு வீல் கவரில் முதலில் துளையை வால்வுக்கு நேராக்குங்கள். வால்வு துளையின் நடுவில் நிற்க வேண்டும். ஓரத்தில் உரசினால் இப்போதே திருப்பிச் சரிசெய்யுங்கள், மாட்டிய பிறகு திருப்ப முடியாது. வால்வுப் பக்கத்தை அழுத்தி உட்கார வைத்து, அதை முழங்காலால் தாங்கிக்கொண்டு, இடமும் வலமும் மாறி மாறித் தட்டிக்கொண்டே எதிர்ப்பக்கத்துக்குப் போங்கள். அடி விழ வேண்டியது பற்களுக்கு நேர் மேலே, வெளி வளையத்தில் மட்டும்.

சத்தத்தைக் கேளுங்கள். சரியாக உட்காராத இடத்தில் சுத்தியல் பட்டால் தகரம்போல அதிரும்; உட்கார்ந்த இடத்தில் சத்தம் மொத்தையாக இருக்கும். ஒரு சுற்று தட்டி வந்தாலே எங்கே இடைவெளி என்று காது சொல்லிவிடும். கடைசியாக இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். கையால் இழுத்தாலே அசைந்தால் அது சாலையில் நிற்காது.

ஓட்டிப் பார்ப்பது

கேப்பிலிருந்து ரிம் வரை குறுக்கே ஒரு டேப் துண்டை ஒட்டி, விளிம்பில் பிளேடால் அறுத்து இரண்டாக்குங்கள். 10 கி.மீ. ஓட்டுங்கள், நடுவில் சில தடவை அழுத்தமாக பிரேக் போடுங்கள். இறங்கிப் பார்க்கும்போது இரண்டு துண்டுகளும் நேர்க்கோட்டில் இருந்தால் கேப் நகரவில்லை. விலகியிருந்தால் சுற்றுகிறது. பிரேக் போடும்போது சக்கரத்தின் வேகம் குறையும், பிடி தளர்ந்த கவரோ பழைய வேகத்திலேயே சுற்றப் பார்க்கும். புடைப்பு வகையில் இதனால் பெரிய ஆபத்தில்லை. வால்வுத் துளையுள்ள முழு கவர் சுற்றினால் துளையின் ஓரம் வால்வின் தண்டை அறுக்கும், டயர் திடீரென்று காற்றிழக்கும். டேப் விலகிய கவரோடு நெடுந்தூரம் போகாதீர்கள்.

மாட்டிய பின்னும் தொல்லை தந்தால்

அடிக்கடி கழன்று விழும் கேப்புக்குப் பல நேரம் காரணம் கேப் அல்ல. டயரை மாற்றினீர்களா என்று முதலில் பாருங்கள். குறுக்குப் பின்னல் டயருக்காகச் செய்த பழைய ரிம்மில் ரேடியல் டயர் போட்டால், வளைவுகளில் ரிம் கூடுதலாக நெகிழும். அந்த நெகிழ்ச்சியே பற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். பற்களை விரிப்பது ஓரளவு உதவும். கவரில் வெட்டுத் துளைகள் இருந்தால் கருப்பு கேபிள் டை இரண்டை எதிரெதிராகக் கட்டுவதும் உண்டு. அழகு குறையும், கவர் தொலையாது.

அடுத்து பவுடர் கோட்டிங், அதாவது பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படிய வைக்கும் பூச்சு. அதன் தடிமன் பொதுவாக 60 முதல் 100 மைக்ரான். புடைப்பின் மேல் படிந்ததும் கேப் முதலில் ஏறாது. வலுக்கட்டாயமாக ஏற்றினால் கோட்டிங் உடைந்து, அதன்பின் பிடி தளரும், உடைந்த இடத்தில் துருவும் பிடிக்கும். சக்கரத்தைக் கோட்டிங்குக்குக் கொடுக்கும்போதே புடைப்புகளின் உச்சியை மறைத்துவிடச் சொல்லுங்கள். பிறகு அங்கே மெல்லிய பெயிண்ட் ஒரு பூச்சு போதும்.

கவர் ஒரு பக்கம் மட்டும் உட்காரவில்லை என்றால் அங்கே ரிம்மின் விளிம்பில் கிளிப் வகை பேலன்ஸ் வெயிட் இருக்கிறதா என்று பாருங்கள். வெயிட்டை உள்பக்கத்துக்கு மாற்றி, ஒட்டும் வகையில் பேலன்ஸ் செய்யச் சொன்னால் தீரும். வால்வு நீளமாக இருந்து சிறிய கேப்பை உள்ளிருந்து முட்டுவதும் நடக்கும்.

மெதுவாகப் போகும்போது கிறீச், டிக் டிக் என்று சத்தம் வந்தால் உலோகமும் உலோகமும் உரசுகின்றன. புடைப்புகளின் மேல் நகக்கண் அளவு சிலிகான் கிரீஸ் தடவுங்கள். வேகத்தோடு கூடிக் குறையும் கடகட சத்தம் என்றால் உள்ளே கல்லோ கழன்ற வெயிட்டோ உருள்கிறது.

புடைப்பே தேய்ந்து தட்டையாகியிருந்தால் வெல்டிங்கால் சிறு பொட்டு வைத்து அரத்தால் உருவம் கொடுக்கலாம். டயரை முழுவதுமாகக் கழற்றிய பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். டயரோடு இருக்கும் ரிம்மில் வெல்டிங் வைத்தால் உள்ளே சூடேறும் காற்றும் ரப்பர் ஆவியும் டயரை வெடிக்க வைக்கும். காற்றை இறக்கிவிட்டாலும் ஆபத்து போகாது. வெல்டிங்குக்கு வழியில்லாதபோது புடைப்புகளின் மேல் பொட்டுப் பொட்டாக சிலிகான் சீலண்ட் வைத்துக் கேப்பை மாட்டி ஒரு நாள் காய விடலாம். வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் உலோகத்தை அரிக்கும். நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

மரைக் கேப்

பட்டைகளுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பேனரைத் தவிர வேறெதுவும் ஆகாது. உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிய தடம் பித்தளைக் கேப்பில் காலத்துக்கும் நிற்கும். ஸ்பேனருக்கும் கேப்புக்கும் நடுவில் மெல்லிய தோல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் மரைத் திசை வேறாக உள்ள கார்களும் உண்டு. ஒரு திசையில் வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டும் முன் கையேட்டில் பாருங்கள்.

இறுகிப்போன பித்தளைக் கேப்புக்குச் சூடு நல்ல மருந்து. ஆனால் கேப் ஹப்பின் வெளிமரையில் ஏறுகிறதா, உள்மரையில் நுழைகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். பித்தளை எஃகைவிட அதிகம் விரியும். 60 மி.மீ. விட்டத்தில் வெப்பம் 70 டிகிரி உயர்ந்தால் பித்தளை சுமார் 0.08 மி.மீ., எஃகு சுமார் 0.05 மி.மீ. விரியும். கேப் ஹப்பை வெளியிலிருந்து மூடியிருந்தால், துணி சுற்றிக் கொதிநீர் ஊற்றினாலே பிடி தளரும். கேப் ஹப்புக்குள் நுழைந்திருந்தால் சூடு இன்னும் இறுக்கும். அங்கே எண்ணெயும் பொறுமையும்தான். மர ஆரச் சக்கரத்தில் நெருப்பைக் காட்டாதீர்கள், ஆரத்தில் லிவரை ஊன்றவும் கூடாது.

மாட்டும்போது மரையைப் பழைய பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்து, மெல்லிய கிரீஸ் தடவி, முதல் மூன்று சுற்றையும் கையாலேயே ஏற்றுங்கள். கையில் இறுகினால் மரை மாறி ஏறுகிறது. பின்னுக்குத் திருப்பி மறுபடி தொடங்குங்கள். கை இறுக்கத்துக்குப் பின் ஸ்பேனரால் சின்னதாக ஒரு இழுப்பு போதும். கேப்பை கிரீஸால் ரொம்ப நிரப்ப வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் சூடேறும்போது அது வெளியே தள்ளப்பட்டு ஆரங்களிலும் பிரேக்கிலும் தெறிக்கும்.

ஸ்பின்னர்: கேப் போலத் தோன்றும் நட்

பெரும்பாலான கம்பி ஆரச் சக்கரங்களில், கார் முன்னோக்கி ஓடும்போது சக்கரம் சுற்றும் திசையில் தட்டினால் ஸ்பின்னர் தளரும். காரின் இடப்பக்கத்தில் நின்று பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசை, வலப்பக்கத்தில் கடிகாரத் திசை. பலவற்றில் கழற்றும் திசைக்கு அம்புக்குறியே பொறித்திருக்கும். அமெரிக்காவில் 1968 முதல் இறக்கை நீட்டிய நட்டுகளுக்குத் தடை வந்ததால் அந்தச் சந்தைக்குப் போன கார்களில் எண்கோண நட் இருக்கும். அதற்குத் தனி ஸ்பேனர் வேண்டும்.

ஸ்பின்னரை எஃகுச் சுத்தியலால் அடிக்காதீர்கள். செம்பு, ஈயம் அல்லது பச்சைத்தோல் முகமுள்ள 2 கிலோ அளவுச் சுத்தியலால் இறக்கையின் நுனியில் தட்டுங்கள். திரும்ப மாட்டும் முன் ஹப்பின் பற்களிலும் மரையிலும் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். சக்கரம் தரையைத் தொடாமல் ஜாக்கியில் இருக்கும்போதே இறுக்குங்கள். அப்போதுதான் சக்கரம் ஹப்பின் கூம்பில் சரியாக மையம் கொள்ளும். இடப்பக்க ஸ்பின்னரையும் வலப்பக்க ஸ்பின்னரையும் மாற்றி மாட்டிவிடக் கூடாது. மரை பொருந்தாமல் தடுப்பதை நம்பி இருக்காமல், கழற்றும்போதே டேப்பில் பக்கத்தை எழுதி ஒட்டிவிடுங்கள். முதல் 40, 50 கி.மீ. ஓடியதும் நான்கையும் மறுபடி ஒருமுறை தட்டி இறுக்கம் பாருங்கள்.